ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

வாசகர் கேள்வி – பதில்

மனச்சோர்வையும் தீராத வலியையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பத்துக்கு மனநலம், வலி, நாளமில்லாச் சுரப்பி ஆகிய துறைகளின் மருத்துவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை டிப்ரெஷனுக்கும் சொல்கிறோம், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சொல்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. இங்கே டிப்ரெஷன் மனச்சோர்வு, ஸ்ட்ரெஸ் மன அழுத்தம்.

*

வயது 38. இரண்டு வருடமாக உடம்பு முழுக்க வலி. காலையில் எழும்போதே அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மூட்டுவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் எல்லாம் நார்மல். ஏ.என்.ஏ. மட்டும் 1:80 பாசிட்டிவ். ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார், இன்னொருவர் 'எல்லாம் மனசுதான்' என்கிறார். வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள். இதை நிரூபிக்க ஒரு டெஸ்ட்கூட இல்லையா?
– வாசகி, மதுரை

நீங்கள் நடிக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களும் இந்தப் பதிலைப் படிக்கட்டும்.

முதலில் அந்த ஏ.என்.ஏ. உடம்பு தன் அணுக்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை அது. நோயே இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு 1:80 பாசிட்டிவ் வரும். மூட்டு வீக்கம், முகத்தில் செம்படை, வாய்ப்புண், வெயில் பட்டால் தடிப்பு, சிறுநீரில் புரதம் இவற்றில் எதுவும் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து, நோயெதிர்ப்பு மண்டலம் உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று பயப்பட வேண்டாம். மாதாமாதம் திரும்ப எடுக்கவும் வேண்டாம்.

உடம்பு முழுக்கப் பரவி நீடிக்கும் வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்று இல்லை. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். உடம்பை 19 இடங்களாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை இடத்தில் வலித்தது என்று எண்ணுவது முதல் மதிப்பெண். களைப்பு, தூங்கியும் தெளியாத விழிப்பு, மறதி மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை. தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு மூன்றுக்கும் தலா 1. இது இரண்டாவது மதிப்பெண், மொத்தம் 12. முதலாவது குறைந்தது 7, இரண்டாவது குறைந்தது 5 இருக்க வேண்டும். அல்லது முதலாவது 4 முதல் 6, இரண்டாவது குறைந்தது 9. இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடுவுடம்பு என்ற ஐந்து பகுதியில் நான்கிலாவது வலி இருந்து, மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். 2016இல் திருத்திய அளவுகோல் இது. பழைய முறையில் 18 புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள்; இப்போது அது தேவையில்லை.

டெஸ்ட் இல்லை என்பதால் உடம்பில் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. 2002இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சிறு அழுத்தியால் அழுத்தினார்கள். மற்றவர்களுக்கு வலி வந்த அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேலேயே ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு அதே அளவு வலி வந்தது. வாய்வார்த்தையில் மட்டும் அல்ல, மூளையில் வலியைக் கையாளும் அதே பகுதிகளும் அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே விழித்துக்கொண்டன. விரலில் காயம் இல்லை. வலியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு மேலேயே சிக்கிக்கொண்டது. நரம்பு மண்டலத்தின் மிகையுணர்வு என்கிறோம் இதை. தோலில் 3 மில்லிமீட்டர் துண்டு எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கணிசமானவர்களுக்கு மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருந்தன. 2021இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளுக்கும் வலியுணர்வு கூடியது. இவையெல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன, உங்கள் ஊர் லேபுக்கு வரவில்லை.

இந்த வலியைப் போலவே வேஷம் போடும் வேறு நோய்களைத் தேடத்தான் உங்களுக்கு டெஸ்ட் தேவை. தைராய்டுக்கு டி.எஸ்.எச்., முழு ரத்த அணுக்கள், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், சர்க்கரை, கால்சியம், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், வைட்டமின் டி, பி12. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லையா, முன்காலெலும்பை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அதோடு வைட்டமின் டி மிகக் குறைவாகவும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் கூடுதலாகவும் இருந்தால் அது எலும்பு மென்மையாகும் நோய் (ஆஸ்டியோமலேசியா), மருந்தில் தீரும். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுக் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருபவர்கள் உண்டு. சீட்டை இரண்டு தரம் படியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சிகிச்சையில் முதலிடம் உடற்பயிற்சிக்கு. 5 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டுங்கள். பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? வலி குறைந்த நாளில் பாத்திரம், துணி, ஒட்டடை என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதில். நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளிலும் அதே அளவு. தூக்கமும் கெட்டிருந்தால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், இல்லையென்றால் டுலோக்செட்டின் அல்லது பிரகாபலின் தருவார்கள். ஸ்டீராய்டு இதற்குப் பயன்படாது. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

*

மாஸ்டர் செக்கப்பில் 'ஸ்ட்ரெஸ் பேனல்' என்று ஒன்று சேர்த்துக்கொண்டேன். கார்டிசால் 21 என்று வந்து, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கிறது. மன அழுத்தம் அதிகம் என்று அர்த்தமா? வயது 44. மாதவிடாய்ப் போக்குக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகி, திருப்பூர்

ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? கார்டிசால் என்பது சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன். அந்த நேரம் தெரியாமல் அதைப் படிக்க முடியாது. விழித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கிக்கொண்டே வந்து நடு இரவில் அடிமட்டத்தில் இருக்கும். காலை 8 மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இயல்பு. 21 காலையில் வந்தால் சாதாரணம், இரவு 11 மணிக்கு வந்தால் யோசிக்க வேண்டும். பஸ்ஸில் நெரிசலில் வந்து, வரிசையில் நின்று, ஊசியைப் பார்த்துப் பயந்தாலே எண் ஏறும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் பெரும்பகுதி ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிதக்கிறது. ஹார்மோன் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் அந்தப் புரதம் கூடும், மொத்தக் கார்டிசாலும் கூடிய மாதிரி தெரியும். உடம்பில் வேலை செய்யும் தனிக் கார்டிசால் அப்படியேதான் இருக்கும். சரியான அளவு வேண்டுமென்றால் ஈஸ்ட்ரோஜன் நிறுத்தி 6 வாரம் ஆக வேண்டும். ஆனால் இதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆராய்ச்சிகளிலோ இந்த எண் இரண்டு பக்கமும் போகிறது. கடுமையான மனச்சோர்வில் சராசரி சற்று மேலே, நாட்பட்ட வலியிலும் களைப்பிலும் பல ஆய்வுகளில் சற்றுக் கீழே. ஒரே எண் இரண்டு திசையிலும் போகும்போது ஒருவருடைய ரிப்போர்ட்டை வைத்து 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் இவ்வளவு' என்று யாராலும் சொல்ல முடியாது. 'அட்ரினல் களைப்பு' என்று சொல்லி விற்கும் மாத்திரைகளையும் வாங்காதீர்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது.

கார்டிசாலை உண்மையில் எப்போது துருவ வேண்டும்? வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள், லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும் தோல், மாடிப்படி ஏறத் தொடையில் வலுவின்மை, புதிதாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால். அப்போது இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 1 மில்லிகிராம் கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்கு அளப்போம். 1.8க்குக் கீழே அடங்கிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

சிலரிடம் நள்ளிரவு எச்சில் கேட்பார்கள். அதற்கு அரை மணி முன்னிருந்து சாப்பாடு, காபி, பல் துலக்கல் எதுவும் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் அளவு கெடும். தோல் நோய்க்கு ஸ்டீராய்டு களிம்பு தடவிய கையால் எச்சில் எடுக்கும் பஞ்சைத் தொட்டாலும் கெடும். தொண்டைக்கு அதிமதுரம் வாயில் அடக்கும் பழக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள். எச்சிலில் கார்டிசாலை அது கூட்டிக் காட்டும்.

*

'மனச்சோர்வைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை, 80 சதவீதம் துல்லியம்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். மகளுக்கு எடுக்கலாமா?
– வாசகர், சேலம்

எடுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். 1,000 பேரில் 50 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றால் 50இல் 40 பேர் பாசிட்டிவ். மீதி 950இல் 190 பேரும் பாசிட்டிவ். ஆக 230 பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் உண்மையானவை 40 மட்டும். ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் சரியாகத் தேறும் என்கிற நிலை.

இந்த ஆசை புதிதல்ல. மேலே சொன்ன டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையையே 1981இல் பெர்னார்ட் கேரல் என்ற மனநல மருத்துவர் குழுவினர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கான ஆய்வகச் சோதனையாக முன்வைத்தார்கள். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம், மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம். கார்டிசால் 5ஐத் தாண்டினால் பாசிட்டிவ். உலகம் முழுக்கப் பரபரப்பாக எடுத்தார்கள். பிறகு பார்த்தால் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் தப்பிவிட்டார்கள். உடல் மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் சாப்பிடுபவர்கள் எல்லாம் மனச்சோர்வு இல்லாமலேயே பாசிட்டிவ் ஆனார்கள். அந்த இரண்டு மருந்தும் ஈரலைத் தூண்டி டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன, அதனால்.

குழுவின் சராசரிக்கும் தனி ஆளுக்கும் உள்ள தூரம்தான் சிக்கல். ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். ஆனால் '5 அடி 5 அங்குலம்' என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? மனச்சோர்வில் இதுவரை அளந்த எல்லாக் குறியீடுகளும் அந்த 5 அடி 5 அங்குலத்தில்தான் நிற்கின்றன.

மகளுக்குச் செலவில்லாத பி.எச்.க்யூ.-9 வினாத்தாள் போதும். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. தீராத வலி உள்ளவர்களுக்குத் தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளில் வலியாலேயே எண் ஏறிவிடும். அவர்களுக்கு 'எதிலும் ஆர்வமில்லை', 'மனம் துவண்டிருக்கிறது' என்ற முதல் இரண்டையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். 3 வந்தாலே கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 1 போட்டாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே பேச வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

*

மகனுக்கு மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராம் தொடங்கி ஒன்றரை மாதம். நன்றாகத் தேறியிருக்கிறான். நாங்களாக ரத்தத்தில் செரடோனின் எடுத்துப் பார்த்தோம், மிகவும் குறைவு என்று வந்தது. மருந்து போதவில்லையா?
– ஒரு தாய், திருச்சி

மருந்து வேலை செய்வதால்தான் அப்படி வந்திருக்கிறது. செரடோனின் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். உடம்பின் செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது. ரத்தத்தில் இருப்பதை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் உறிஞ்சித் தங்களுக்குள் சேமித்து வைக்கின்றன. உறிஞ்சும் அந்த வாசலைத்தான் எஸ்சிட்டலோபிராம் அடைக்கிறது. சில வாரங்களில் தட்டணுக்கள் காலியாகிவிடும், ரிப்போர்ட்டில் எண் விழும். மூளையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்தத்துச் செரடோனின் மூளைக்குள் நுழைவதில்லை. அந்தப் பரிசோதனை ஒருவகைக் குடல் கட்டியைத் தேடத்தான் பயன்படும்.

'மனச்சோர்வு என்றால் செரடோனின் குறைவு' என்ற விளக்கமே மிக எளிமைப்படுத்தியது. 2022இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு. தவறு. மருந்து பலன் தருகிறதா என்பது வேறு கேள்வி, அது மருந்துச் சோதனைகளில் தனியாக நிரூபிக்கப்பட்டது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தலைக்குள் மின்னல் வெட்டுவது போன்ற உணர்வும் வரும்.

தட்டணு காலியாவதில் ஒரு விளைவு உண்டு, அதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ரத்தம் உறைவது சற்று மந்தப்படும். முதுகுவலி, பல்வலி என்று கடையில் டைக்ளோஃபினாக், ஐபூபுரோஃபென் வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். மலம் கருப்பாக, தார்போலப் போனால் உடனே மருத்துவமனை.

*

மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் என் கணவருக்கு சி.ஆர்.பி. 6.2. 'உடம்பில் அழற்சி, அதனால்தான் டிப்ரெஷன்' என்று ஒருவர் சொல்லி மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார்.
– வாசகி, கோவை

அந்தச் சொல்லில் பாதி உண்மை. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதுவரை நன்றாக இருந்தவர்களில் கணிசமானவர்கள் சில வாரங்களில் மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கிளறினால் மனமும் தளரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு சி.ஆர்.பி. 3க்கு மேல் இருக்கிறது.

மீதி மூன்று பேருக்கு இல்லையே! அழற்சியை முடக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை மருந்துக்கு அடங்காத மனச்சோர்வில் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அது வெறும் உப்புநீரை மிஞ்சவில்லை. தொடக்கத்தில் சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலனின் சாயல் தெரிந்தது. அந்தச் சாயலைப் பிடித்துத்தான் ஆராய்ச்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சிகிச்சையைத் தீர்மானிக்கும் அளவுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சளி காய்ச்சல் இல்லாத நாளில் மறுபடி எடுங்கள். 10க்கு மேல் போனால் கிருமித்தொற்றைத் தேட வேண்டும். திரும்பவும் 6 என்றால் தொப்பை, புகை, ஈறு வீக்கம் மூன்றையும் பாருங்கள். ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னால் பலர் நம்புவதில்லை, சி.ஆர்.பி.யை ஏற்றும் காரணங்களில் அதுவும் ஒன்று. சமையல் மஞ்சளால் தொல்லையில்லை. மிளகுச் சத்து சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த மஞ்சள் கேப்ஸ்யூல்களால் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. மனநல மருந்தும் சேர்ந்திருப்பதால் அதை நிறுத்திவிடலாம்.

*

களைப்பு, மனம் சோர்வு, எடை ஏறுகிறது, குளிர் தாங்கவில்லை. ஆனால் டெஸ்டில் டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம், தைராய்டு கூடுதல் என்கிறார்கள். முடி கொட்டுவதற்கு மாத்திரை தவிர வேறு எதுவும் சாப்பிடுவதில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

அந்த முடி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கலாம். ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். அது முந்நூறு மடங்குக்கு மேல். பல லேப்களின் கருவிகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்துத்தான் அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். உங்கள் அறிகுறிகள் நேர்மாறாக இருப்பதே சந்தேகத்துக்குக் காரணம். மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். அதுவரை தைராய்டைக் குறைக்கும் மருந்து எதையும் தொடங்காதீர்கள். மாரடைப்புக்கு எடுக்கும் டிரோபோனினையும் இது குறைத்துக் காட்டக்கூடும் என்பதால் அவசரப் பிரிவிலும் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

*

அப்பாவுக்கு 67 வயது. மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக ஒரு பொடி சாப்பிட்டார், அற்புதமாகக் கேட்டது. முகம் உப்பியதால் மூன்று வாரம் முன்பு நிறுத்தினோம். இப்போது எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார், சாப்பிடுவதில்லை, வாந்தி, யாரோடும் பேசுவதில்லை. டிப்ரெஷன் என்கிறார்கள். காலைக் கார்டிசால் 2.1.
– வாசகர், விருத்தாசலம்

கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை என்பதால் தனியாகவும் தகவல் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக எழுதுகிறோம். சில நாளில் அற்புதமாக வலி போக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பு பெரிது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தியதும் எழ முடியாமல் கிடக்கும். காலைக் கார்டிசால் 3க்குக் கீழே என்றால் சுரப்பி வேலை செய்யவில்லை. சோர்வும் பேசாமையும் மனச்சோர்வு போலவே தெரியும், ஆனால் வாந்தி, எழுந்தால் மயக்கம், சோடியம் குறைவு சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. மருத்துவமனையில் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் முதல் வேலை. பொடியையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

பிறகு சிறிய அளவு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துச் சுரப்பியை மெதுவாக எழுப்புவார்கள். அதற்கு மாதங்கள் ஆகும். இடையில் கார்டிசால் எடுக்கும்போது முந்தைய மாத்திரைக்குப் பின் 24 மணி நேரம் இடைவெளி விட்டு, காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் அன்றைய மாத்திரை. பிரெட்னிசலோனைக் கருவி கார்டிசால் என்றே நினைத்துச் சேர்த்து எண்ணிவிடும், அதனால்தான். 10க்கு மேல் வந்தால் நிறுத்தலாம், 5க்குக் கீழே என்றால் தொடர வேண்டும். நடுவில் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் அளவைக் கூட்டச் சொல்வார்கள். அந்தச் சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

*

கைக்கடிகாரம் தினமும் 'ஸ்ட்ரெஸ் 78' என்று காட்டுகிறது. அதைப் பார்த்தே பதற்றம் கூடுகிறது. வைத்தியரிடம் காட்ட வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. நிதானமாக இருக்கும்போது அந்த மாற்றம் கூடும், பதற்றத்தில் குறையும். ஆனால் வயது, காய்ச்சல், மது, தண்ணீர் குறைவு, தூக்கமின்மை, அமிட்ரிப்டிலின் எல்லாமே அதைக் குறைக்கும். மணிக்கட்டை அசைத்தால் அளவே தவறும். '78' என்பது அந்த நிறுவனம் தன் கணக்கில் போட்ட மதிப்பெண். பார்க்கத்தான் வேண்டுமென்றால் இரவுத் தூக்கத்தில் பதிவானதை மட்டும், மூன்று வாரச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொருவர் எண்ணோடு வேண்டாம். நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று தோன்றினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மனச்சுமைதான் என்றால் இலங்கையில் 1926 எண்ணில் பேசலாம்.

*

ஜீன் டெஸ்ட் எடுத்தால் எனக்கு எந்த மனச்சோர்வு மருந்து சரிவரும் என்று தெரிந்துவிடுமா? முகநரம்பு வலிக்குக் கார்பமசெபினும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
– வாசகி, சென்னை

எந்த மருந்து 'சரிவரும்' என்று தெரியாது. சில மருந்துகளை உங்கள் ஈரல் வேகமாகக் கரைக்குமா, மெதுவாகக் கரைக்குமா என்பது தெரியும். இரண்டு மூன்று மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது உதவலாம், முதல் மருந்துக்கே அவசியமில்லை. ஜீன் இயல்பாக இருந்தும் மருந்தே மருந்தைத் தடுப்பது உண்டு. ஃபுளூக்செட்டின், பராக்செட்டின் இரண்டும் சி.ஒய்.பி.2டி6 என்ற நொதியை அடைத்துவிடும். அப்போது டிராமடால், கோடீன் வலிக்குக் கேட்காது. டிராமடாலோடு சேர்ந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல் என்று செரடோனின் மிகைப்பும் வரலாம்.

நீங்கள் எடுக்க வேண்டிய ஜீன் டெஸ்ட் வேறு: எச்.எல்.ஏ.-பி 15:02. இது இருப்பவர்களுக்குக் கார்பமசெபினால் தோலும் வாயும் கண்ணும் வெந்து உரியும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் கோளாறு வரும் ஆபத்து மிக அதிகம். ஆசிய வம்சாவளியினருக்கு மருந்து தொடங்கும் முன் பார்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007இலேயே எச்சரித்தது. வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். பாசிட்டிவ் என்றால் மருந்தை மாற்றுவார்கள். நெகட்டிவாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

*

அம்மாவுக்கு 71 வயது. எஸ்சிட்டலோபிராம் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் தள்ளாட்டம், பிதற்றல். சோடியம் 121 என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

முடியும். மனச்சோர்வில் எங்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கும் ரத்தப் பரிசோதனை இதுதான், விலையும் குறைவு. இந்த வகை மருந்துகள் சிலருக்கு உடம்பில் தண்ணீரைத் தேக்கிச் சோடியத்தை நீர்க்கச் செய்துவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெண்கள், ஒல்லியானவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் வரும். ஆகவே தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டாம் வாரத்தில் ஒருமுறை சோடியம் பார்க்க வேண்டும். தலைவலி, குமட்டல், நடையில் தடுமாற்றம் வந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். நாட்பட இறங்கிய சோடியத்தை ஒரே நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும், ஆஸ்பத்திரியிலேயே மணிக்கணக்கில் அளந்து அளந்துதான் ஏற்றுவார்கள். அம்மா தேறியபின் மனச்சோர்வுக்கு மருந்தே கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். மிர்டசபின் போன்ற, சோடியத்தை அவ்வளவாகத் தொடாத மருந்துகள் இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரையையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் நீர் மாத்திரை கலந்திருந்தால் அதை மாற்றிவிட்டு, புது மருந்து தொடங்கும் தேதியிலிருந்து பதினான்காம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.